கைராசி மட்டும் போதுமா?

கண்ணுக்குச் சத்திரசிகிச்சை என்றதும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது வைத்தியரின் பட்டத்தை அன்று, அவருடைய கைராசியை. "அவர் கைராசிக்காரர், அவரிடமே போங்கள்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துக்களெல்லாம் செல்லாக்காசாகிவிடும். வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற அதிகாரியும் இப்படித்தான் பேசுவார். இறக்குவானையில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் இப்படித்தான் பேசுவார். வேறுபாடு ஒன்றுதான். முன்னவர் தாம் கேள்விப்பட்ட கைராசிக்காரரைத் தேடிப் பிடித்துவிடலாம். பின்னவருக்கோ, அன்று எந்தக் கை வாய்க்கிறதோ அதுவே ராசி.

கைராசி என்பது எங்கிருந்து வருகிறது? அது போதுமானதா? மலையகம் என்றதும் நுவரெலியாவையும் ஹற்றனையும் மட்டுமே நினைத்துப் பழகிவிட்ட நாம் அடிக்கடி மறந்துபோகும் சப்ரகமுவத் தோட்டங்களை, அதாவது இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை முன்வைத்து இவ்விரு வினாக்களையும் எழுப்பிப் பார்க்க விரும்புகிறேன்.

கை பழகும் விதம்

இலங்கையில் ஒருவர் கண் சத்திரசிகிச்சை நிபுணராவதற்கு எத்தனை காலம் செல்கிறது என்பதைப் பலர் அறியார். மருத்துவ பீடத்தில் ஐந்து ஆண்டுகள். உள்ளகப் பயிற்சி ஓராண்டு. அதன்பின் அரச வைத்தியசாலைகளில் சேவை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் தெரிவுப் பரீட்சை அதற்குப் பிறகுதான். அதில் தேறியவர் கண் பிரிவுகளில் சில ஆண்டுகள் மேற்பார்வையின் கீழ்ப் பயில வேண்டும். இறுதிப் பரீட்சையிலும் தேறிய பின்னர், உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாக மேலதிகப் பயிற்சி. எல்லாம் முடிந்த பின்னரே நிபுணர் என்ற அங்கீகாரம் கிடைக்கிறது. பல்கலைக்கழகத்தில் கால்வைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாது. குளுக்கோமா போன்ற ஒரு துறையில் தனித் தேர்ச்சி பெற விரும்பினால் அதற்கும் மேலே செல்லும்.

இத்தனை ஆண்டுகள் எதற்கு? கண்புரை சத்திரசிகிச்சையையே எடுத்துக்கொள்வோம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது கால்மணி நேரத்து வேலை. உள்ளே நடப்பதோ மில்லிமீற்றரையும் பிளந்து பார்க்கும் வேலை. கண்ணின் வில்லை ஒரு மெல்லிய உறைக்குள் இருக்கிறது. அவ்வுறையின் முன்பக்கத்தில் ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டமொன்றை ஓரம் கிழியாமல் உரித்தெடுக்க வேண்டும். மங்கிய வில்லையை வெளியேற்ற வேண்டும். பின்பக்கத்து உறையை அப்படியே காப்பாற்ற வேண்டும். அந்தப் பின்னுறையின் தடிப்பு சுமார் 4 மைக்ரோன்; தலைமயிரின் தடிப்பில் பதினைந்தில் ஒரு பங்கு எனலாம். அது கிழிந்தால் பின்னாலுள்ள கண்ணாடிபோன்ற திரவம் முன்னே வந்துவிடும். கால்மணி நேரத்து வேலை பெரும் சிக்கலாக மாறிவிடும். வைத்தியரின் இரு கைகளும் கருவிகளைப் பிடித்திருக்க, ஒரு கால் நுணுக்குக்காட்டியையும் மறு கால் இயந்திரத்தையும் இயக்கிக்கொண்டிருக்கும்.

இதனைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆட்டுக் கண்ணிலும் பன்றிக் கண்ணிலும் பழகி, மூத்த வைத்தியர் பக்கத்தில் அமர்ந்திருக்க ஒரு படியை மட்டும் செய்து, அது கைவந்ததும் அடுத்த படிக்குச் சென்று, நூற்றுக்கணக்கான கண்களைக் கடந்த பின்னரே கை அடங்குகிறது. இறப்பர்த் தோட்டத்தவர்களுக்கு இதனை விளக்கவே தேவையில்லை. பால்வெட்டும் கத்தி பட்டையைச் சீவ வேண்டும். உள்ளிருக்கும் மரத்தைத் தொடக்கூடாது. ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரம் காயப்படும். புதிதாகப் பேர் பதிந்தவருக்கு முதல் நாளே நல்ல மரத்தைக் கொடுக்க எந்தக் கங்காணியும் துணியமாட்டார். கைராசி என்று நாம் கும்பிடுவது இவ்வாறு பழகிய கையைத்தான்.

கைக்கு முன்னால் கணக்கும் இருக்கிறது. உள்ளே வைக்கும் செயற்கை வில்லையின் வலுவைத் தீர்மானிக்கக் கண்ணின் நீளத்தை அளக்கிறார்கள். அந்த அளவில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் பார்வை சுமார் 2.5 டயொப்டர் பிசகிவிடும். அளப்பவர் பெரும்பாலும் வைத்தியரல்லர். பயிற்சி பெற்ற உதவியாளரே. "டாக்டர் நன்றாகத்தான் செய்தார், ஆனாலும் தெளிவில்லை" என்று சொல்பவர்களில் சிலருடைய குறை கத்தியில் இல்லை, அளவில் இருக்கிறது. ஒரு நிபுணரின் வெற்றிக்குப் பின்னால் பெயர் தெரியாத பல கைகள் உள்ளன என்பதை இங்கேயே குறித்துவைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

மதுரை காட்டிய வழி

கண்புரைக்குச் சிகிச்சை செய்வது நமக்குப் புதிதன்று. மங்கிய வில்லையை ஊசியால் கண்ணின் உட்புறத்துக்குத் தள்ளிவிடும் முறை சுசுருதர் காலத்திலிருந்தே இந்த உபகண்டத்தில் இருந்தது. அதில் வெளிச்சம் திரும்பியது. பல கண்கள் பின்னர் அழுகியும் போயின. 1949 நவம்பரில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் ஹரோல்ட் ரிட்லி செயற்கை வில்லையை முதன்முதலாகக் கண்ணுக்குள் வைத்தார். போர் விமானிகளின் கண்களில் தெறித்த விமானக் கூரைத் துண்டுகளை உடல் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்ததிலிருந்து பிறந்த யோசனை அது. 1967ல் நியூயோர்க்கில் சார்ல்ஸ் கெல்மன், வில்லையைக் கழியொலி அலைகளால் உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். பல் வைத்தியரின் சுத்தம் செய்யும் கருவியே அவருக்கு வழிகாட்டியது.

இவற்றை ஏழைகளிடம் கொண்டுசேர்த்த பெருமையில் பெரும்பங்கு ஒரு தமிழரைச் சேர்ந்தது. எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் 1918ல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி மகப்பேற்று வைத்தியராக விரும்பியவர். முடக்குவாதம் விரல்களை வளைத்துப்போட்டது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து எழுந்தவர் கண் வைத்தியத்துக்கு மாறினார். வளைந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்று, 1976ல் மதுரையில் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006ல் அவர் மறைந்தபோது அது உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ நிறுவனங்களுள் ஒன்றாகியிருந்தது. ராசியான கை பிறவியில் வருவது என்று நம்புகிறவர்கள் அந்த விரல்களை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் வெங்கடசாமியின் சாதனை அவருடைய கையில் மட்டும் இருக்கவில்லை. இறக்குமதி வில்லையின் விலை ஏழைக்கு எட்டாதிருந்தபோது, 1992ல் ஒரோலாப் நிறுவனம் அதே வில்லையை அதன் சிறு பங்கு விலையில் மதுரையிலேயே செய்யத் தொடங்கியது. விலையுயர்ந்த இயந்திரமில்லாமல், சிறு வெட்டின் வழியே கையால் புரையை எடுத்துத் தையலின்றி முடிக்கும் முறையை அங்கு செம்மைப்படுத்தினார்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து இரண்டாண்டுகள் பயிற்றி, பார்வையைச் சோதிப்பது, கண்ணை அளப்பது, நோயாளியைத் தயார்செய்வது, பின்னர் பேசிப் புரியவைப்பது ஆகிய யாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் தம்மால் மட்டுமே இயன்றதைச் செய்தார். மற்றவற்றை அந்தப் பெண்கள் செய்தார்கள். வெளிநாட்டவர் பலர் மதுரைக்கு வந்து கற்றுச் செல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

சென்னையில் பிறந்த சிகிச்சை

இனி இரண்டாவது நோய்க்கு வருவோம். கண்புரை விளக்கின் கண்ணாடி புகைபிடிப்பது போன்றது. துடைத்தால் வெளிச்சம் வரும். குளுக்கோமா திரியே கருகுவது. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை இழை இழையாக அழிக்கிறது. அழிந்த இழையை மீட்டுத் தரும் வைத்தியம் இன்றுவரை உலகில் இல்லை. வலி இல்லை. நேரே பார்க்கும் பார்வை கடைசிவரை நிற்கும். ஓரப்பார்வை முதலில் சுருங்கும். மனிதர் அதனை உணர்வதில்லை. உணரும்போது பெரும்பகுதி போயிருக்கும்.

இந்நோய்க்கான சத்திரசிகிச்சை வரலாற்றில் தமிழ்நாட்டின் தலைநகருக்கு ஓர் இடமுண்டு. சென்னை எழும்பூர் அரசாங்கக் கண் மருத்துவமனை 1819ல் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராக இருந்த ரொபர்ட் ஹென்றி எலியட், கண்ணின் வெள்ளையும் கருமையும் சந்திக்கும் விளிம்பில் நுண்ணிய வட்டத் துளையிட்டு நீரை வடியவிடும் முறையை 1909ல் வகுத்தார். அம்முறை உலகெங்கும் பரவி, பல பத்தாண்டுகள் கையாளப்பட்டது. துளை திறந்தே இருந்ததால் சில கண்களில் நீர் அளவுமீறி வடிந்தது. சிலவற்றில் கிருமி புகுந்தது. 1968ல் இங்கிலாந்தின் ஜோன் கெயார்ன்ஸ் அந்த வழியின்மேல் ஒரு மெல்லிய மூடியை அமைத்துக் குறையைப் பெருமளவு நீக்கினார். இன்று நிபுணர்கள் செய்வது இதன் வளர்ச்சியே. நீர்வடிக்கும் சிறு குழாய்க் கருவிகளும் வந்துள்ளன. அவற்றுள் மலிவான ஒன்று மதுரை ஒரோலாப்பிலேயே தயாராகிறது.

இச்சத்திரசிகிச்சையில் ஒரு விந்தையுண்டு. மற்ற எல்லாச் சத்திரசிகிச்சைகளிலும் காயம் நன்றாக ஆறுவது வெற்றி. இதிலோ காயம் முழுதாக ஆறி அடைபட்டுவிட்டால் தோல்வி. நீர் அதிகம் வடிந்தால் கண் தளர்ந்துவிடும்; குறைவாக வடிந்தால் அழுத்தம் அப்படியே நிற்கும். ஆகவே கத்தியைக் கீழே வைத்த பின்னரும் நிபுணரின் வேலை முடிவதில்லை. அடுத்துவரும் வாரங்களில் அடிக்கடி பார்த்து, தையலைத் தளர்த்தி, மருந்தை மாற்றி, அந்தச் சிறு வழியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். கண்புரைக்காரர் இரண்டு மூன்று முறை வந்துபோனால் போதும். குளுக்கோமாக்காரருக்கு வைத்தியருடன் ஆயுட்கால உறவு. துளி மருந்திலேயே காலம் தள்ளுபவருக்கும் அப்படித்தான்.

எனவே குளுக்கோமா நிபுணரின் திறமையில் கையைவிடக் கண்ணுக்கும் காதுக்கும் பங்கு அதிகம். அழுத்தம் 21 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே இருந்தால் நோயில்லை என்று சொல்லிவிட முடியாது. சாதாரண அழுத்தத்திலேயே நரம்பு கருகுபவர்கள் உண்டு. நரம்பின் தோற்றத்தை வாசிக்கத் தெரிய வேண்டும். நீர் வடியும் கோணத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நோயாளியின் தாய்க்கோ தமையனுக்கோ இது இருந்ததா, ஆஸ்துமா உண்டா, கடையில் வாங்கிய ஸ்டெரொயிட் துளியை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டாரா என்றெல்லாம் கேட்டறிய வேண்டும். கேட்பதற்கும் பதிலைப் புரிந்துகொள்வதற்கும் இருவருக்கும் பொதுவான மொழி வேண்டும்.

தோட்டத்தில் நடப்பது

இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அரச வைத்தியசாலைகளில் கண் பிரிவுகள் உள்ளன. சத்திரசிகிச்சை இலவசம். இரத்தினபுரிக்கு இப்போது சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் வந்திருக்கிறது. இவை குறைத்து மதிப்பிடத்தக்கவையல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது.

இறக்குவானையிலிருந்து இரத்தினபுரி நாற்பது கிலோமீற்றருக்கு மேல். அது நகரத்திலிருந்து நகரத்துக்கு. மேற்பிரிவு லயத்திலிருந்து பஸ் வரும் இடத்துக்கு இறங்குவது தனிக் கணக்கு. கிளினிக் நாள் என்றால் அன்றைய பேர் இல்லை. கண் தெரியாதவரைத் தனியே அனுப்ப முடியாதாகையால் கூட வருபவருக்கும் பேர் இல்லை. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் ஒரு பரிசோதனைக்கு இரண்டு நாட்சம்பளத்தை இழக்கிறது. கண்புரை என்றால் இந்த இழப்பு இரண்டு மூன்று முறை. குளுக்கோமா என்றால் வாழ்நாள் முழுவதும்.

ஆகவே கண்புரையைத் தள்ளிப்போடுகிறார்கள். "வயசானா அப்படித்தான்" என்ற ஆறுதல் எல்லா லயங்களிலும் கிடைக்கும். ஆனால் தள்ளிப்போட்ட புரை சும்மா இருப்பதில்லை. முற்றிய வில்லை வீங்கி நீர் வடியும் கோணத்தை அடைத்துவிடும். அல்லது கசிந்து அழுத்தத்தை ஏற்றிவிடும். குணமாக்கக்கூடிய நோய் குணமாக்க முடியாத நோயாக மாறும் இடம் அது. கோணம் திடீரென அடைபட்டால் கடுந்தலைவலியும் வாந்தியும் வரும், கண் சிவக்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் அது தலைவலியாகவோ வயிற்றுக் கோளாறாகவோ கருதப்பட்டு, இரண்டு மாத்திரைகளுடன் திருப்பி அனுப்பப்படலாம். அந்த ஓரிரு நாட்களில் ஒரு கண் போய்விடும்.

பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில், ஓய்வுபெற்ற தொழிலாளரைப் பற்றிய கட்டுரையொன்றுக்காகத் தெஹியோவிற்றைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டியவர். வலக்கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். அருமையான வேலை, என் சட்டைப்பையிலிருந்த பேனாவின் நிறத்தைச் சொன்னார். இடக்கண் முற்றிலும் இருண்டிருந்தது. கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். இடக்கண்ணுக்கு அழுத்தத்தைக் குறைக்கும் துளி மருந்து எழுதப்பட்டிருந்தது. அடுத்து வரவேண்டிய திகதியும் இருந்தது. அதன்பின் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

"மருந்து முடிஞ்சிருச்சு ஐயா, நிப்பாட்டிட்டேன்" என்றார். இருமல் பாணியைப்போல ஒரு போத்தலோடு முடியும் மருந்து என்று எண்ணியிருக்கிறார். ஆயுள் முழுவதும் விடவேண்டும் என்று வைத்தியர் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொல்லியிருப்பாங்க. அவங்க நல்லாத்தான் பேசுனாங்க. நான் தலைய ஆட்டுனேன்" என்றார். அந்த வைத்தியசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. எந்த வைத்தியசாலையிலும் நடக்கக்கூடியது அது.

சப்ரகமுவத் தோட்டத் தமிழருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியுமே என்று சிலர் கேட்பர். உண்மைதான், நுவரெலியாவைவிட இங்கு அதிகம் தெரியும். சந்தையில் பேரம் பேசவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் அது தாராளமாகப் போதும். வலியில்லாத ஒரு நோய் நரம்பை ஏன் அழிக்கிறது, நன்றாகத் தெரியும் கண்ணுக்கு ஏன் தினமும் மருந்து விடவேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள அந்தச் சிங்களம் போதாது. சொல்லப்போனால் தாய்மொழியில் சொன்னாலும் இருமுறை சொல்ல வேண்டிய விடயம் அது. யாழ்ப்பாணத்துக்கு 1847ல் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 1860களிலேயே தமிழில் மேலைமருத்துவம் கற்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். தமிழ் அரசகரும மொழியென அரசியலமைப்பு 1987 முதல் கூறுகிறது. தெஹியோவிற்றைப் பெண்மணியோ தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார்.

நம்பிக்கையும் இடையிடையே உடைபடுகிறது. 2022ன் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கும் சத்திரசிகிச்சைப் பொருட்களுக்கும் தட்டுப்பாடு வந்தது. நிபுணர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்ட பலருக்கு, அதன்பின் இடப்பட்ட பிரெட்னிசலோன் துளி மருந்தினால் பார்வை பாதிக்கப்பட்டது. இந்தியாவில் தயாரான அம்மருந்து பின்னர் பாவனையிலிருந்து மீளப்பெறப்பட்டது. அங்கு எந்த வைத்தியரின் கையும் தவறவில்லை. ஆனால் மலையேறிச் சென்ற செய்தி, "கண்ணை வெட்டப் போய்க் கண் போய்விட்டது" என்பதே. இத்தகைய செய்தி ஒரு தோட்டத்தில் பலரைப் பல ஆண்டுகளுக்கு வீட்டில் இருத்திவிடும். விளக்கிச் சொல்ல, அவர்கள் நம்பும் ஒருவர் அங்கேயே இருந்தாலன்றி.

முகாம்களும் மூக்குக்கண்ணாடிகளும்

இவற்றுக்கெல்லாம் நம்மிடம் பழகிப்போன பதில் கண் முகாம். கோவில் மண்டபத்திலோ பாடசாலையிலோ ஒருநாள் முகாம், நூறு மூக்குக்கண்ணாடிகள், படம், பத்திரிகைச் செய்தி. தேர்தல் நெருங்கினால் எண்ணிக்கை கூடும். முகாம்களை நான் இகழவில்லை. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி கிடைத்த மூதாட்டிக்கு அது பெரிய உதவி. முகாமில் கண்ட கண்புரையை வாகனம் வைத்து அழைத்துச் சென்று எடுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முகாம் போன பின்னரும் குளுக்கோமா இருக்கும். ஒருநாளில் வந்துபோகும் உதவியால், முப்பது ஆண்டுகள் கூடவே இருக்கும் நோயை எதிர்கொள்ள முடியாது.

இன்னும் அதிகமான நிபுணர்களை நியமிக்க வேண்டும் என்பார்கள். நியமிக்கத்தான் வேண்டும். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற ஒருவரைக் கொண்டுவந்து, பார்வை அட்டையைக் காட்டுவதிலும் மருந்து விடும் விதத்தைச் சைகையால் விளக்குவதிலும் அவரது நேரத்தைச் செலவழிப்பது அந்தப் பயிற்சியை வீணாக்குவதாகும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் நாற்பது வயதைக் கடந்தோரிடையே நடத்தப்பட்ட தேசிய ஆய்வு, இந்நாட்டின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணமெனக் கண்டது. எடுத்தால் தீரும் நோய் இத்தனை பேரைக் குருடாக்கியிருக்கிறதென்றால், கத்திக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள பாதைதான் உடைந்திருக்கிறது.

இதே நாடு 1961ல் டாக்டர் ஹட்சன் சில்வா நிறுவிய கண்தானச் சங்கத்தின் வழியாக உலகின் பல நாடுகளுக்குக் கண்களை அனுப்பிவருகிறது. தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிக்க 1999ல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய 'விஷன் 2020' இயக்கத்தின் சிற்பிகளுள் ஒருவர் இலங்கைத் தமிழரான டாக்டர் ஆர். பரராஜசேகரம். அந்த 2020 வந்தும் போய்விட்டது. எட்டியாந்தோட்டைக்கும் தெரணியகலைக்கும் மேலேயுள்ள லயங்களில் அதன் வெளிச்சம் எவ்வளவு விழுந்தது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

செய்யத்தக்கது

மூன்று காரியங்களைச் சொல்வேன். எதுவும் ஆகாயக்கோட்டையன்று.

முதலாவது, தோட்டத்துப் பிள்ளைகளையே கண் உதவியாளராகப் பயிற்றுவது. மதுரையில் கிராமத்துப் பெண்கள் இரண்டாண்டுகளில் கற்றதைப் பலாங்கொடையின் பெண்களால் கற்க முடியாதா? தமிழில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் இம்மாகாணத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆகவே விஞ்ஞானச் சித்தியைக் கட்டாயமாக்கினால் கதவு தொடக்கத்திலேயே மூடிவிடும். தகுதியைச் சற்றே தளர்த்திப் பயிற்சியை இறுக்கலாம். மாகாண சுகாதாரத் திணைக்களம் சம்பளம் கொடுக்கட்டும். ஒரு பார்வை அட்டை, ஒரு டோர்ச், கையில் பிடித்து அழுத்தம் பார்க்கும் ஒரு கருவி. இவற்றோடு நாற்பது வயதைக் கடந்த எல்லோரையும் ஆண்டுக்கொருமுறை அந்தப் பெண் பார்ப்பாள். குளுக்கோமா உள்ளவரின் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் தேடிப்போய்ப் பார்ப்பாள். நெருங்கிய இரத்த உறவினருக்கு இந்நோய் வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். மாதம் முடியுமுன் "துளி மருந்து இருக்கா பாட்டி?" என்று வாசலில் நின்று கேட்பாள். சில துளி மருந்துகளைத் திறக்கும்வரை குளிரூட்டியில் வைக்க வேண்டும். லயத்தில் குளிரூட்டி ஏது? டிஸ்பென்சரியில் வைத்துக் கொடுப்பாள். தெஹியோவிற்றையில் நான் கண்ட இடக்கண்ணைக் காப்பாற்ற இவ்வளவே போதுமாயிருந்தது.

இரண்டாவது, தொடர்சிகிச்சையை மலையடிவாரத்துக்குக் கொண்டுவருவது. சத்திரசிகிச்சை நகரத்தில் நடக்கட்டும். மாதமொருமுறை பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை போன்ற இடங்களில் கண் கிளினிக் நடத்தலாம். 2000களின் முற்பகுதியிலிருந்து அரவிந்த் நடத்திவரும் கிராமப் பார்வை நிலையங்களில், பயிற்சி பெற்ற உதவியாளர் கண்ணைச் சோதிக்க, தூரத்திலிருக்கும் வைத்தியர் இணையத்தின் வழியே பார்த்து ஆலோசனை சொல்கிறார். இரத்தினபுரி மருத்துவ பீடம் இதனைத் தன் பயிற்சியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளலாம். கிளினிக் கொப்பியைக் காட்டுபவருக்கு அன்றைய பேரைத் தோட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும். கொழுந்தையும் பாலையும் முப்பது ஆண்டுகள் எடுத்துக் கொடுத்த கண்களுக்கு அது சலுகையாகாது.

மூன்றாவது, நிபுணர்களின் பயிற்சியில் இரு மாற்றங்கள். தோட்டத்திலிருந்து வரும் புரை கறுத்து இறுகியது. இயந்திர முறையில் மட்டும் தேர்ந்த கைக்கு அது சோதனை; ஆகவே கையால் எடுக்கும் சிறுவெட்டு முறையில் முழுத் தேர்ச்சி வேண்டும். மற்றது, நோயாளியிடம் அவருடைய மொழியில் நோயை விளக்கும் திறனையும் பரீட்சைக்குரியதாக்குவது. இரண்டு மொழிகளிலும் இருபது வாக்கியங்கள் கற்பது, 4 மைக்ரோன் உறையைக் காப்பாற்றக் கற்றவர்களுக்கு எம்மாத்திரம்?

பணம் எங்கே என்று கேட்பார்கள். பார்வையிழந்த ஒருவரை முப்பது ஆண்டுகள் வைத்துப் பார்க்கும் செலவை யார் சுமக்கிறார்கள்? அந்தக் குடும்பம். பெரும்பாலும் அந்த வீட்டுப் பேத்தி. பாட்டியின் கையைப் பிடித்து நடத்திச் செல்வதற்காகப் பாடசாலையை விட்டு நிற்கும் பிள்ளை. அது எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் பதிவதில்லை என்பதால் செலவில்லை என்றாகிவிடாது.

சப்ரகமுவத் தோட்டத் தமிழர் சிதறி வாழ்பவர்கள். நுவரெலியாவில் உள்ளதுபோல் வாக்குப் பலம் அவர்களுக்கு இல்லை. எனவே அவர்களுக்காகப் பேசும் குரலும் மெலிந்தே ஒலிக்கிறது. சம்பளக் கோரிக்கையை வருடந்தோறும் முன்வைக்கும் தொழிற்சங்கங்கள், அதே தாளில் கிளினிக் நாளுக்குச் சம்பளம், தோட்டத்துக்கொரு கண் உதவியாளர் என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதட்டும். சம்பளத்தைப் போல அது வருடக்கணக்கில் இழுபட வேண்டிய பேச்சுவார்த்தையன்று. அதுவரை, இதனை வாசிக்கும் மலையக இளைஞர்கள் ஒன்று செய்யலாம். இந்த விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போகும்போது, வீட்டிலிருக்கும் பெரியவரின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். கடைசித் திகதிக்குப் பின் பக்கங்கள் வெறுமையாக இருந்தால், அடுத்த கிளினிக்குக்கு அவரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.